பச்சை அட்டையும் நீர்வேலி டொக்டரும்

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மருத்துவ நலத் திட்டத்தை இந்த வருடத்தோடு ஒரு காப்புறுதிக் கம்பனியிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். இப்போது அந்தப் பிரிவில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். கம்பனி இரண்டு வகைத் திட்டங்களைக் காட்டியிருக்கிறதாம். ஒன்றில் சந்தா குறைவு. ஆனால் கம்பனி குறித்துத் தரும் டொக்டர்மாரிடம் மட்டுமே போகலாம். மற்றதில் சந்தா கூட. விரும்பிய டொக்டரிடம் போகலாம். அங்கத்தவர்களுக்கு எதைச் சொல்வது என்று கேட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 1983இல் நான் சங்கக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து முன்மேசையில் போய் இருந்தபோதும் இதே இரண்டுதான் இருந்தன. அட்டையின் நிறம் மட்டும்தான் வேறு. போன மாதம் அவர்களுக்கு வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தட்டெழுத்துப் படித்திருந்தேன், கணக்கும் வரும். கொழும்பில் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், பயிற்சி தந்தார்கள். படிவங்களை எப்படி நிரப்புவது, நோய்களின் ஆங்கிலப் பெயரை எப்படி எழுதுவது, எந்தப் பற்றுச்சீட்டு செல்லும், எது செல்லாது. பயிற்சி முடிந்து ஊருக்குத் திரும்பி இரண்டு மாதத்தில் அந்த யூலைக் கலவரம் வந்தது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கொழும்பிலிருந்து அகதிகளாகக் கப்பலில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு என்னைப் பயிற்சிக்கென்று எவரும் எங்கும் அனுப்பவில்லை. மிச்சத்தை மேசையில் இருந்துதான் படித்தேன்.

எங்கள் சங்கத்தில் பல தரப்பட்டவர்கள் இருந்தார்கள். நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காரர், குருநகர் மீன்பிடிக்காரர், கூட்டுறவுக் கடைகளில் வேலை செய்தவர்கள், கொஞ்சம் வாத்திமார். குடும்பத்துக்கு ஓர் அட்டை. பச்சை அட்டை எடுத்தவர் எங்கள் பட்டியலில் உள்ள ஏழு டொக்டர்மாரில் ஒருவரிடம் போய் அட்டையைக் காட்டினால் போதும். கையால் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. வெள்ளை அட்டைக்காரர் எந்த டொக்டரிடமும் போகலாம். முதலில் தன் கையால் கொடுத்துவிட்டுப் பிறகு பற்றுச்சீட்டோடு எங்களிடம் வரவேண்டும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுவதென்றால் தை மாதத்தில் மட்டும்தான் மாறலாம்.

இதை நான் ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடுவேன். அறுவடை வரும்வரை கையில் காசு புழங்காத தோட்டக்காரருக்குப் பச்சை அட்டைதான் நல்லது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்படியே சொன்னேன், அவர்களும் எடுத்தார்கள். நான் கெட்டிக்காரி என்று கந்தோரில் பெயர் வந்தது. அந்த ஏழு டொக்டர்மாரில் ஐந்து பேர் பட்டணத்தில் இருந்தார்கள், ஒருவர் மானிப்பாயில், ஒருவர் சுன்னாகத்தில். நீர்வேலியில் எவரும் இல்லை. அந்த நாளில் நீர்வேலிச் சந்தியிலிருந்து பட்டணத்துக்கு அடிக்கடி பஸ் ஓடியது. அதனால் யாரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் அருளம்பலம் ஐயா. உடுப்பிட்டிக்காரர். ஒவ்வொரு நாளும் அங்கிருந்து பஸ்ஸில் வந்து, எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதிரையில் இருப்பார். மெல்லிய மனிதர், குரலும் மெல்லியது. ஒரு விண்ணப்பத்தை எப்போதும் கீழிருந்து மேலாகத்தான் வாசிப்பார். கடைசி வரியில் டொக்டரின் கையெழுத்து, அதற்கு மேல் மருந்து, அதற்கு மேல் நோய், ஆக மேலே பெயரும் ஊரும். ஒவ்வொரு வரியையும் வாசித்து முடித்ததும் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைப்பார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். பெயரை முதலில் பார்த்தால் ஆளுக்குத் தகுந்த மாதிரித்தான் நோயைப் பார்ப்போம் என்றார்.

விண்ணப்பம் கொடுக்க வந்தவர் நின்றுகொண்டு கதைப்பதை அவர் விடமாட்டார். முதலில் கதிரை, பிறகு தண்ணீர், பிறகுதான் படிவம். எல்லாவற்றையும்விட என்னைப் பயப்படுத்தியது அவருடைய இன்னொரு வழக்கம். ஒரு விண்ணப்பத்தை மறுப்பதென்றால் அந்தக் கடிதத்தைத் தட்டச்சில் அடிக்க விடமாட்டார். தன் கையால் எழுதி, உறையை ஒட்டாமல் என்னிடம் தருவார். தபாலில் போடக்கூடாது. நான் அந்த வீட்டுக்குப் போய், கையில் கொடுத்து, ஏன் மறுத்தோம் என்று வாயாலும் சொல்லவேண்டும்.

“ஓம் எண்டதைத் தபாலிலை அனுப்பலாம் பிள்ளை,” என்றார் முதல்தரம். “இல்லை எண்டதை ஆள் போய்த்தான் சொல்ல வேணும். நீர் போய்ச் சொல்லக் கூச்சப்படுறீர் எண்டால், அந்த ‘இல்லை’யிலை ஏதோ பிழை இருக்கு.”

நான் கொண்டுபோன முதல் மறுப்பு உரும்பிராயில் ஒரு வாத்தியாருக்கு. பச்சை அட்டை வைத்துக்கொண்டு பட்டியலில் இல்லாத கண் டொக்டரிடம் போயிருந்தார். சைக்கிளை அவர் வீட்டுப் படலையில் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியிலேயே நின்றேன். உள்ளே போய்க் கடிதத்தைக் கொடுத்து, விதி இது என்று சொன்னேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். பச்சை அட்டையின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, தான்தான் பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். தேத்தண்ணி தந்து அனுப்பினார். திரும்பி வரும்போது, இந்த வேலையை என்னால் செய்ய முடியும் என்று பட்டது. விதி சரியாக இருந்தால் முகத்துக்கு நேரே நின்று இல்லை என்று சொல்லலாம். அதைப் பிறகு எத்தனையோ தரம் செய்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் என் பேச்சுக்கு மசியாத ஒரே ஆள் குருநகர் அந்தோனிப்பிள்ளை. வள்ளம் வைத்திருந்தவர், ஐம்பது வயதுக்காரர், நெஞ்சு வருத்தம் உள்ளவர். அவருக்குப் பச்சை அட்டைதான் இலாபம் என்று நான் மூன்று வருடம் தை மாதத்துக்குத் தை மாதம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தன் வீட்டிலிருந்து நாலாவது ஒழுங்கையில் ஒரு டொக்டர் இருப்பதாகவும், அவர் எங்கள் பட்டியலில் இல்லை என்பதால் தனக்குப் பட்டியலே வேண்டாம் என்றும் சொன்னார்.

“அந்த டொக்டருக்குத்தான் என்ரை நெஞ்சு தெரியும், தங்கச்சி. உங்கடை ஏழு பேருக்கும் நான் முதலிலையிருந்து சொல்ல வேணும். வருத்தம் வரேக்கை எனக்குக் கதைக்க மூச்சு இராது.”

நான் அதை ஒரு பிடிவாதக்காரரின் கதையாக எடுத்துக்கொண்டேன். கந்தோரில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். அருளம்பலம் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. அந்த மனுசன் அட்டையைப் பார்த்து டொக்டரை எடுக்கவில்லை, டொக்டரைப் பார்த்து அட்டையை எடுத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

வருடங்கள் போயின. டொக்டர்மாரும் போனார்கள். 83க்குப் பிறகு தெற்கிலிருந்து வந்தவர்களில் இரண்டு பேரைப் பட்டியலில் சேர்த்தோம். ஒன்றரை வருடத்தில் ஒருவர் லண்டனுக்கும் மற்றவர் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். போனவர்களுக்குப் பதிலாக வேறு பெயர் தேடிப் பிடித்து, தை மாதத்துக்கு முன் எப்படியோ ஏழை நிரப்பிவிடுவோம். பட்டியல் வருடத்துக்கு ஒருமுறைதான் அச்சாகும். சண்டை வந்தால் கந்தோரைப் பூட்டுவோம், நின்றால் திறப்போம். 87இல் ஊரடங்கு நாட்களில் கந்தோர் பல கிழமை பூட்டிக் கிடந்தது. எல்லாம் திரும்பவும் பழையபடி வந்தபோது, எப்போதும் அப்படித்தான் திரும்பி வரும் என்று நினைத்துவிட்டோம்.

90 ஆனியில் வந்தது அப்படித் திரும்பவில்லை. பட்டணத்துக் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியதும் பட்டணம் காலியாகத் தொடங்கியது. மின்சாரம் நின்றது. எண்ணெய் இல்லாமல் பஸ்ஸும் குறைந்தது. எங்கள் கந்தோரை உரும்பிராயில் பூட்டிக் கிடந்த ஒரு நெல் ஆலைக்கு மாற்றினோம். அலுமாரிகளை மாட்டு வண்டிலில் ஏற்றி, கோப்புகளை உரப்பைகளில் கட்டி, நான்கு நாள் மாரடித்தோம். அந்த நாலு நாளும் ஆட்கள் வந்து ஏதேதோ கேட்டார்கள். உரப்பையின் வாயைக் கட்டிக்கொண்டே பதில் சொன்னேன். யாருக்கு என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

ஐப்பசி நடுப்பகுதியில் நீர்வேலியிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. வாழைத்தோட்டம் செய்யும் திரவியம் என்பவர் அனுப்பியது. மகள் வதனி, வயது பதினான்கு, வாதக் காய்ச்சல். பார்த்தவர் நீர்வேலி டொக்டர் இரத்தினசபை. அட்டை பச்சை. டொக்டர் இரத்தினசபை நல்ல டொக்டர்தான். ஆனால் எங்கள் பட்டியலில் சேர மறுத்தவர். அருளம்பலம் ஐயா வழக்கம்போலக் கீழிருந்து வாசித்தார். நோய் இருந்த வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு புள்ளியை வைத்தார். மறுப்புக் கடிதத்தை எழுதி என்னிடம் தந்தார்.

அடுத்த நாள் காலை நீர்வேலிக்குச் சைக்கிளில் போனேன். திரவியத்தின் வீடு வாழைகளுக்கு நடுவில் இருந்தது. அவர் என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்து, வாங்கோ பிள்ளை என்று முன்னால் வந்தார். வதனி உள் அறையில் மூன்று தலையணை வைத்து, பாதி இருந்தபடி பாதி படுத்திருந்தாள். நேரே படுத்தால் மூச்சு எடுக்க முடியவில்லை என்று தாய் சொன்னாள். முழங்கால் இரண்டும் வீங்கி வற்றத் தொடங்கியிருந்தன. ஊருக்குள் தற்காலிகமாக நடத்திய வார்ட்டில் பதினெட்டு நாள் வைத்திருந்து விட்டிருந்தார்கள்.

கடிதம் என் பையில் இருந்தது. எடுக்குமுன் வருத்தம் எப்படி வந்தது என்று கேட்டேன். அது ஐயா பழக்கியது.

திரவியம் ஒழுங்காகச் சொன்னார். பத்து வயதில் வதனிக்கு முதல்முறை வாதக் காய்ச்சல் வந்தது. இருதயத்தில் ஒரு வால்வைக் கொஞ்சம் தாக்கியிருந்தது. மாதம் தவறாமல் ஒரு பெனிசிலின் ஊசி போட்டால் திரும்ப வராது, தவறவிட்டால் வரும், ஒவ்வொரு தரம் வரும்போதும் வால்வு பழுதாகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பட்டணத்தில் எங்கள் பட்டியல் டொக்டர் ஒருவரிடம் நாலு வருடமாக ஒரு மாதமும் தவறாமல் போட்டார்கள். கடைசி ஊசி வைகாசியில். ஆனியில் மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனபோது டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. ஒரு கிழமை விட்டுப் போனார். தெருவே வெறுமையாக இருந்தது.

“பிறகுதான் உங்களிட்டை வந்து கேட்டனான்,” என்றார். “நீங்கள் அலுமாரி ஏத்திக்கொண்டு நிண்டியள். எங்கடை ஊர் டொக்டரிட்டை ஊசியைப் போடலாமோ எண்டு கேட்டன். பச்சை அட்டைக்கு அவர் இல்லை ஐயா, தை மாதம் மாத்தலாம் எண்டு சொன்னியள்.”

நான் பையின் வாயை மூடினேன்.

“அட்டையைப் பிழையாப் பாவிச்சால் வெட்டிப்போடுவினம் எண்டு பயந்து போனன். இவளுக்கு எப்பவாவது பெரிசா ஒண்டு வந்தால் அந்த அட்டைதானே இருக்கு. தை வரும் மட்டும் பொறுப்பம் எண்டு இருந்திட்டன்.”

ஆனி, ஆடி, ஆவணி. மூன்று ஊசி. ஆவணி கடைசியில் தொண்டை நோவோடு தொடங்கியது காய்ச்சலாகி, மூட்டுகள் வீங்கி, ஒருநாள் கிணற்றடியில் மூச்சு முட்டி இருந்துவிட்டாளாம். அதற்குப் பிறகுதான் டொக்டர் இரத்தினசபையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் வீடு இவர்கள் வீட்டிலிருந்து நடந்து போனால் பத்து நிமிடம். மூன்று மாதமும் அவர் அங்கேதான் இருந்தார்.

திரவியம் என்னைக் குற்றம் சொல்லவில்லை. விண்ணப்பத்துக்கு என்ன முடிவு என்றுகூடக் கேட்கவில்லை. வதனி மட்டும் கண்ணைத் திறந்து பார்த்து, இந்த அக்காவோ அப்பா என்று கேட்டாள். அவர் ஓம் என்றார்.

கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பினேன். அன்றைக்கு எப்படிச் சைக்கிள் மிதித்து வந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஆலைக்குள் போய் உறையை ஐயாவின் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அழவில்லை. அழுதால் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச்சொல்வார் என்று தெரியும்.

“நீர் அவருக்குச் சொன்னது விதிப்படி சரியோ?” என்று கேட்டார்.

“சரி ஐயா.”

“அப்ப பிழை எங்கை?”

யோசித்தேன். “அவர் போக வேண்டிய டொக்டர் அங்கை இருக்கிறாரோ எண்டு நான் பாக்கேல்லை. இல்லாத டொக்டரிட்டைப் போகச் சொன்னனான்.”

அவர் மேசை லாச்சியைத் திறந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். பச்சை அட்டை பற்றிய விதியை விரலால் தொட்டுக் காட்டி, முழுவதையும் வாசிக்கச் சொன்னார். ஏழு வருடமாக அந்த விதியின் பின்பாதியைத்தான் நான் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்பாதியில், பட்டியலிலுள்ள மருத்துவரின் சேவை அங்கத்தவருக்குக் கிடைக்கக்கூடியதாயிருக்கும்போது என்று எழுதியிருந்தது. அப்படி இருக்கும்போதுதான் அவர் மற்ற டொக்டரிடம் போகக்கூடாது.

“இதை நானும் நேற்று வாசிக்கேல்லை,” என்றார். அவர் தன் பிழையைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தான் எழுதிய கடிதத்தை நாலாகக் கிழித்தார். பிறகு, கிடைக்கக்கூடியதாயில்லை என்று நாங்கள் வாயால் சொன்னால் நிர்வாக சபை ஏற்காது, ஏழு பேரையும் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றார்.

நாலு நாள் சைக்கிளில் அலைந்தேன். ஒவ்வொரு இடத்திலும் திகதி, நேரம், என்ன கண்டேன், பக்கத்தில் இருந்தவர் ஒருவரின் கையெழுத்து. பட்டணத்தில் ஒரு டிஸ்பென்சரியின் கூரை விழுந்திருந்தது; அந்த டொக்டர் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. ஒரு டொக்டர் பங்குனியிலேயே கனடாவுக்குப் போய்விட்டார்; அவருடைய தாயார்தான் கதவைத் திறந்தார். ஒருவர் கொழும்புக்குப் போன இடத்தில் பாதை பூட்டுப்பட்டு அங்கேயே நின்றுவிட்டார். ஒருவர் கொக்குவிலில் மைத்துனரின் கார்க் கொட்டிலில் வைத்து நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வதனிக்கு ஊசி போட்டவர் கரவெட்டியில் மகள் வீட்டில் இருந்தார். வயது போய்விட்டது, இனி வேலை செய்யவில்லை என்றார். வதனியின் பெயரைச் சொன்னதும், அந்தப் பிள்ளைக்கு ஆர் ஊசி போடுகினம் என்று அவராகவே கேட்டார். அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டேன். சுன்னாகத்தவரும் மானிப்பாயில் இருந்தவரும் தங்கள் இடங்களில் இருந்தார்கள்.

ஐயா அறிக்கையைக் கீழிருந்து வாசித்தார். அந்த இரண்டில் கிட்ட உள்ள சுன்னாகத்துக்கு நீர்வேலியிலிருந்து எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும் என்றேன்.

“நீர் தனிய மிதிச்சது. வருத்தக்காரப் பிள்ளையைப் பின்னாலை வைச்சுக்கொண்டு?”

அடுத்த நாள் என் தங்கையைக் கரியரில் ஏற்றி, நீர்வேலியிலிருந்து சுன்னாகம் வரை மிதித்தேன். ஒன்றேமுக்கால் மணித்தியாலம் எடுத்தது. இரண்டு இடத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டு இறங்கி மரத்தடியில் நின்றதையும் சேர்த்து எழுதினேன்.

நிர்வாக சபை அந்தக் கிழமையே ஆலையில் கூடியது. தலைவர் நல்ல மனிதர், கணக்குத் தெரிந்தவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவருக்கு இப்படித் திறந்துவிட்டால் பச்சை அட்டை எல்லாம் வெள்ளை அட்டையாகிவிடும், பிறகு ஒருவரும் வெள்ளைக்குக் கூடுதலாகக் கட்டமாட்டார்கள், ஒரு வருடத்தில் திட்டமே இராது என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அருளம்பலம் ஐயா எழும்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. “பச்சை அட்டைக்காரருக்கு நாங்கள் ஏழு டொக்டரைச் சொல்லித்தான் சந்தா வாங்கினனாங்கள். இப்ப மூண்டு பேர்தான் இருக்கினம். அதிலை ஒருத்தர் எங்கை இருக்கிறார் எண்டு இந்தக் கிழமைதான் எங்களுக்கே தெரியும். சொன்ன சொல்லை முதல் மீறினது அங்கத்தவரில்லை.”

பிறகு என்னைப் பார்த்து, நீர் கதையும் என்றார். சபைக் கூட்டத்தில் எழுதுவினைஞர் கதைக்கும் வழக்கம் இல்லை. நான் எழும்பி, அறிக்கையை வாசித்தேன். வாசித்து முடித்தபின், அதில் எழுதாத ஒன்றையும் சொன்னேன்: ஊர் டொக்டரிடம் போகலாமா என்று அந்தத் தகப்பன் கேட்டபோது இல்லை என்று சொன்னவள் நான், தலையை நிமிர்த்திப் பாராமல் சொன்னேன், அந்தப் பிள்ளையின் வால்வு இனித் திருந்தாது. இதையும் சொல்ல வேண்டும் என்று தங்கையை ஏற்றிக்கொண்டு வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

தலைவர் அறிக்கையை வாங்கி முதலிலிருந்து வாசித்தார். கரவெட்டி டொக்டர் கேட்ட கேள்வி வந்த இடத்தில் நிறுத்தினார். திரவியத்தின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதோடு மூன்று முடிவுகள். பட்டியல் மாதந்தோறும் நேரில் பார்த்து எழுதப்படும். பட்டியல் டொக்டர் நடை தூரத்தில் இல்லாத ஊர்களில் பச்சை அட்டைக்காரர் தங்கள் ஊர் டொக்டரிடமே போகலாம். அந்த ஊர் டொக்டர்மாரைப் பட்டியலில் சேர்க்கும் பொறுப்பு மருத்துவப் பிரிவுடையது. மருத்துவப் பிரிவு என்றால் ஐயாவும் நானும்தான்.

முதலில் போனது டொக்டர் இரத்தினசபையிடம். ஐயாவும் என்னோடு சைக்கிளில் வந்தார். டொக்டர் எங்களை இருக்கச் சொல்லவில்லை. நோயாளர் எல்லாரையும் பார்த்து முடித்த பிறகுதான் வெளியில் வந்தார்.

“அஞ்சு வருசத்துக்கு முன்னம் வந்து கேட்டனீங்கள்,” என்றார். “சில ஊசிகள் போட முன்னம் உங்கடை கந்தோருக்கு எழுதி அனுமதி எடுக்க வேணும் எண்டியள். ஒருத்தன் எனக்கு முன்னாலை மூச்சு இழுக்கேக்கை நான் உங்களுக்குக் கடிதம் எழுதவோ?”

ஐயா கொண்டுவந்த விதிப் புத்தகத்தை விரித்து, அந்த விதி எங்கே இருக்கிறது என்று காட்டினார். பையிலிருந்து பேனையை எடுத்து, அந்த வரியை வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். அதற்குச் சபையின் அனுமதி இருந்ததா என்று பிறகு கேட்டேன். அடுத்த கூட்டத்தில் எடுக்கலாம் என்றார். டொக்டர் புத்தகத்தை வாங்கி, வெட்டிய வரியைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மூன்று கதிரை கொண்டுவந்தார்.

வந்த தை மாதம் வரை எட்டு ஊர்களில் ஒன்பது டொக்டர்மாரைச் சேர்த்தோம். தலைவர் பயந்ததுபோலத் திட்டம் விழுந்துவிடவில்லை. சந்தாவைக் கொஞ்சம் கூட்ட வேண்டி வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் போய் ஏன் கூட்டுகிறோம் என்று நானே சொன்னேன். பெரிய எதிர்ப்பு இருக்கவில்லை. குருநகர்க்காரர் இடம்பெயர்ந்து வந்து இருந்த இடத்தில் அந்தோனிப்பிள்ளையையும் கண்டேன். அவருடைய டொக்டரும் அவர்களோடேயே வந்து பக்கத்து வளவில் இருந்தார். அந்த வருடமும் வெள்ளை அட்டைதான் எடுத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

வதனிக்கு அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் நீர்வேலியிலேயே ஊசி. மருந்துத் தட்டுப்பாடு வந்த மாதங்களில் டொக்டர் இரத்தினசபை அவளுடைய ஊசியை எங்கிருந்தாவது தேடி எடுத்து வைத்திருப்பார். பாரம் தூக்கக்கூடாது, தோட்டத்தில் தண்ணீர் இறைக்கக்கூடாது. படித்து, உயர்தரம் பாஸ் பண்ணினாள். 92இல் ஐயா ஓய்வு பெற்று உடுப்பிட்டியோடு நின்றுவிட்டார். அவருடைய கதிரை எனக்கு வந்தது. மறுப்புக் கடிதங்களைப் பிறகு நான் எழுதினேன், கொண்டுபோனதும் நான்தான்.

இனி அந்த இரண்டு பெண்களும் கேட்டதுக்குப் பதில். பச்சையா வெள்ளையா என்று அங்கத்தவரிடம் கேட்க முதல், உனக்கு வருத்தம் வந்தால் யாரிடம் போவாய் என்று கேளுங்கள். அந்தப் பெயர் கம்பனியின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த டொக்டர் இப்போதும் அங்கே இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். நடந்து போனால் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். கம்பனிக்காரர் பட்டியலை வருடத்துக்கு ஒருமுறைதான் திருத்துவோம் என்றால், கையெழுத்து வைக்க வேண்டாம்.

95 ஐப்பசி கடைசியில் சண்டை நெருங்க, எங்கள் ஊர்கள் இருந்த வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போனது. அதைப் பற்றி எழுதக்கூடியவர்கள் எழுதட்டும். நான் ஒரு பை உடுப்பும் அங்கத்தவர் பதிவேடும் கொண்டுபோனேன். கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் அங்கத்தவர்களே நூறு குடும்பத்துக்கு மேல் இருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு சைக்கிளைக் கடன் வாங்கிக்கொண்டு டொக்டர்மாரைத் தேடி வெளிக்கிட்டேன். வந்து ஒரு கொப்பி ஒற்றையில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். விலாசம் என்று எழுத எதுவும் இருக்கவில்லை. ஒரு டொக்டர் கோவில் மடத்தில், ஒருவர் தேங்காய் ஆலைக்குப் பின்னால், டொக்டர் இரத்தினசபை அடுத்த பள்ளிக்கூடத்தில் மேற்குப் பக்கத்துக் கட்டடத்தில்.

பின்னேரம் திரவியம் வந்து அந்தத் தாளை எழுத்தெழுத்தாக வாசித்தார். இடுப்பில் மழையில் நனைந்த சாரத்தோடு நின்றார்.

“உது பச்சைக்கோ வெள்ளைக்கோ, பிள்ளை?”

“ரெண்டுக்கும், ஐயா.”

வதனிக்கு ஊசி போடவேண்டிய நாள் இரண்டு நாளுக்கு முதல் வந்திருந்தது. பாதையில் நடந்த நாட்களில் அதைத் தவறவிட்டிருந்தார்கள். அன்றைக்கே மூன்று பேருமாகப் போனோம். டொக்டர் இரத்தினசபை பிள்ளைகள் இருக்கும் இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டு அதை மேசையாக்கி வைத்திருந்தார். அவருக்கு முன்னால் முப்பது, நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். வதனியைக் கண்டதும் நாளைக் கேட்டார், விரல் விட்டு எண்ணினார், தகரப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு குப்பியை எடுத்து ஒதுக்கி வைத்தார். அவளும் வரிசையில் நின்று தன் முறை வந்த பிறகுதான் உள்ளே போனாள்.

வெளியில் வரும்போது ஒரு காலை நொண்டிக்கொண்டு வந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, தகப்பனுக்குக் கேட்காத மாதிரிச் சொன்னாள்.

“இந்த டொக்டருக்குச் சரியான பாரக் கை, அக்கா. வேறை ஆரும் இல்லையோ?”

இருக்கினம், சுவரில் எழுதியிருக்கிறது, உனக்கு விருப்பமான ஆளைப் பார்த்து எடு என்றேன்.